கேனக் சேஸ்: பைன் காட்டுப் பாதைகளிலும் புதர்வெளியிலும் மலைமிதிவண்டி ஓட்டுவது குறித்து

மேட்டுவழி எழுதியது:

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள கேனக் சேஸுக்கு வார இறுதிகளில் மிதிவண்டியுடன் போய்வருபவர்கள் இக்குழுவில் கணிசமாக இருக்கிறோம். நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய ஒரு விஷயம் இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். சேஸின் புதர்வெளியில் அனுமதியின்றி உருவாகியுள்ள தடங்களில் ஓட்டுவதை நாம் அறவே நிறுத்திவிட வேண்டும் என்பதே என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

ஸ்டாஃபோர்ட், ரூஜ்லி, கேனக் ஆகிய ஊர்களுக்கு இடையே மேடாக எழுந்து நிற்கும் இந்தப் பகுதியின் பரப்பு 68 சதுர கிலோமீட்டர்தான். 1958-இல் சிறப்பு இயற்கை எழில் பகுதியாக அறிவிக்கப்பட்ட இது, தீவுகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அவ்வகைப் பகுதிகளுள் மிகச் சிறியது. இதற்குள் இரண்டு வேறுபட்ட நிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, முதல் உலகப் போருக்குப் பின் நாட்டின் மரத் தேவைக்காக வனத்துறை 1920-களிலிருந்து நட்டு வளர்த்த பைன் காடு. மற்றொன்று, ஹெதர், பில்பெர்ரி என்ற குறுஞ்செடிகள் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து கிடக்கும் திறந்த புதர்வெளி. முன்பு அரசரின் வேட்டைக்காடாகவும், பின்னர் லிச்ஃபீல்டு ஆயர்களின் உடைமையாகவும் இருந்த கருவாலி (ஓக்) மரக் காட்டை, 16-ஆம் நூற்றாண்டில் இரும்பு உலைகளுக்குக் கரி தேவைப்பட்டபோது பெருமளவில் வெட்டினார்கள். அதன்பின் ஆடுகள் மேய்ந்து மேய்ந்து மரம் எழாமல் பார்த்துக்கொண்டதால் உருவான வெளி அது. பழைய காட்டின் எச்சமாக பிராக்டன் காப்பிஸ் பகுதியில் மட்டும் முதிய கருவாலி மரங்கள் இன்றும் நிற்கின்றன.

நமக்காக அமைக்கப்பட்ட பாதைகள் பைன் காட்டில் இருக்கின்றன. பர்ச்சஸ் வேலி என்ற இடத்திலிருந்து கிளம்பும் ஃபாலோ தி டாக் 2005-இலும், அதனோடு இணையும் மங்கி டிரெயில் 2010-இலும் திறக்கப்பட்டன. இரண்டும் சிவப்புத் தரம், அதாவது நான்கு கடினத் தரங்களில் மூன்றாவது. சேர்த்து ஓட்டினால் 20 கிலோமீட்டருக்கு மேல் வரும். 2022 ஆகஸ்ட் 3 அன்று பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிகளின் மலைமிதிவண்டிப் பந்தயங்கள் இதே காட்டில்தான் நடந்தன. மகளிர் பிரிவில் இங்கிலாந்தின் ஈவி ரிச்சர்ட்ஸும் ஆடவர் பிரிவில் நியூசிலாந்தின் சாம் கேஸும் தங்கம் வென்றார்கள்.

இவ்வளவு இருந்தும், ஷெர்புரூக் பள்ளத்தாக்கின் சரிவுகளில் ஹெதரைக் கிழித்துக்கொண்டு நேராக இறங்கும் புதிய தடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. நான் பார்த்த ஒரு சரிவில், ஆரம்பத்தில் ஒரு டயர் அகலத்துக்கு இருந்த தடம் மழைக்குப் பின் வாய்க்காலாகியிருந்தது. அதைத் தவிர்க்க இடப்பக்கம் ஒரு தடமும், அதுவும் பள்ளமான பின் வலப்பக்கம் இன்னொன்றும் விழுந்திருந்தன. மூன்றுக்கும் நடுவே வேர் வெளியே தெரிய ஹெதர்த் தூறுகள் காய்ந்து நின்றன. பைன் காடு தாங்கும். இந்த நிலம் தாங்காது. என் வாதத்தின் அடிப்படை இதுதான்.

தனிமிதி எழுதியது:

மேட்டுவழி அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் முடிவோடு உடன்பட முடியவில்லை. ஒரு புதர்வெளியில் ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் நாய்களுடன் நடக்கிறார்கள், குதிரைகள் போகின்றன, பராமரிப்பு வண்டிகளும் போகின்றன. அங்கே மிதிவண்டிக்காரர் மட்டும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது நியாயமாகப் படவில்லை. குளம்பு அழுத்துகிற அளவுக்கு டயர் மண்ணை அழுத்துவதில்லை என்பது அந்தப் பாதைகளில் போகிற எவருக்கும் கண்கூடு.

நான் வசிப்பது ஸ்காட்லாந்தில். இங்கே 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், இயந்திரம் இல்லாத எந்த முறையிலும் பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு சென்றுவரும் உரிமையை எல்லோருக்கும் தந்திருக்கிறது. அந்த உரிமையில் மிதிவண்டியும் அடங்கும். இங்கே மலைகள் அழிந்துவிடவில்லை. ஒரு வழி இங்கிலாந்தில் மிதிவண்டிக்கு உரிமையில்லாத நடைவழியாகப் பதிவாகியிருக்கிறதா, உரிமையுள்ள குதிரைப் பாதையாகப் பதிவாகியிருக்கிறதா என்பது பெரும்பாலும் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரைபடம் தயாரித்தபோது அந்தந்த ஊர்க்காரர்கள் என்ன எழுதிக்கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தது. அதனால்தான் அகலமான வண்டித்தடம் நடைவழியாகவும், சேறு நிறைந்த ஒற்றையடிப் பாதை குதிரைப் பாதையாகவும் பதிவாகியிருப்பதை இன்றும் காண்கிறோம். தற்செயலாக விழுந்த அந்தக் கோடுகளை நிலத்தின் இயல்பு சொல்லும் கோடுகளாக ஏற்க வேண்டும் என்கிறீர்களா?

கல்லும்மணலும் எழுதியது:

சேஸில் பாதைப் பராமரிப்புக்கு வரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். குளம்பா, டயரா, பூட்ஸா என்ற விவாதத்துக்குள் போகும் முன் காலடியில் இருக்கும் மண்ணைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேனக் சேஸின் பெரும்பகுதி கூழாங்கல் படுகையின் மேல் நிற்கிறது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய பிரான்சு இருக்கும் தென்திசையிலிருந்து ஓடிவந்த ஒரு பெரிய ஆறு உருட்டிக்கொண்டுவந்த கற்கள் அவை. முட்டை வடிவில், வழவழப்பாக, பெரும்பாலும் குவார்ட்சைட்டால் ஆனவை. அவற்றைப் பிடித்துவைத்திருப்பது தளர்ந்த சிவந்த மணல். மேலே உள்ள கரிய மட்கு அடுக்கு பல இடங்களில் விரற்கடை அளவுதான். அதையும் ஹெதரின் வேர்வலைதான் கட்டிப்போட்டிருக்கிறது.

அந்த வலை அறுந்தால் நடப்பது இதுதான். முதல் கனமழை மணலை அடித்துக்கொண்டு போகும். கூழாங்கற்கள் மட்டும் தங்கும். அடுத்து வருபவரின் முன்சக்கரம் அந்த உருளும் கற்களில் வழுக்குவதால் அவர் ஓரத்து ஹெதர்மேல் ஏற்றி ஓட்டுவார். அந்த ஓரமும் அறும். மேட்டுவழி சொன்ன மூன்று தடங்கள் இப்படித்தான் உருவாகின்றன. சரிவில் நேராக இறங்கும் எந்தத் தடத்திலும், அதை முதலில் வெட்டியது காலா சக்கரமா என்ற வேறுபாடு இல்லாமல், தண்ணீர் இதையே செய்யும். எனவே குதிரைக் குளம்பைப் பற்றித் தனிமிதி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை நம் தடங்களுக்கு விலக்கு அளிக்காது. நடப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள அகன்ற வழிகளில் போகிறார்கள். புதிய நேர்ச்சரிவுகளைத் தேடிப்போகிறவர்களில் நம்மவர்கள் அதிகம். தேடுகிற சுவை நமக்குத்தான் இருக்கிறது.

அமைக்கப்பட்ட பாதை எப்படி வேறுபடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதை அமைப்பவர்களிடையே ஒரு பாதி விதி உண்டு. மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தோ அதில் பாதிக்கு மேல் பாதையின் சாய்வு இருக்கக்கூடாது. சரிவு 20 விழுக்காடு என்றால் பாதை 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால், தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையோடு சேர்ந்தே ஓடும். முழுப் பாதையின் சராசரிச் சாய்வும் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பாதையின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். இறக்கத்தின் நடுவே ஆங்காங்கே பாதை சிறிது மேலேறி மீண்டும் இறங்கும். ஓட்டுபவருக்கு அது ஒரு துள்ளலாகத் தெரிகிறது. உண்மையில் தண்ணீரை வெளியேற்றுவதற்காக வைத்த இடம் அது. மேற்பரப்பில் நொறுக்கிய கல்லைப் பரப்பி அதிர்வு இயந்திரத்தால் இறுக்குகிறோம். கூர்முனை உள்ள நொறுங்குகல் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்; சேஸின் உருண்டைக் கல் எவ்வளவு அடித்தாலும் கவ்வாது. ஃபாலோ தி டாக்கின் பெர்ம்களில், அதாவது வெளிப்பக்கம் உயர்த்திய திருப்பங்களில், நீங்கள் சாய்ந்து திரும்பும்போது டயர் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அந்தக் கல்தான்.

அந்த அளவு கல்லையும் இயந்திரத்தையும் பைன் நடவுக்குள் கொண்டுபோகலாம். அது மரத்துக்காக நட்ட காடு. முறை வைத்து வெட்டி மீண்டும் நடுகிறார்கள். ஊட்டமற்ற அமில மண்ணில் வாழும் ஹெதர்வெளிக்குள் அதே வேலையைச் செய்தால், பாதை நிலைக்கும். ஆனால் இருபுறமும் வெளியின் தன்மை மாறிவிடும்.

பொழில் எழுதியது:

நான் மிதிவண்டி ஓட்டுவதில்லை. பறவை பார்ப்பதற்காகச் சேஸில் நடப்பவள். என் கணவர் இக்குழுவில் இருப்பதால் இந்த விவாதத்தைப் படிக்க நேர்ந்தது. தவறாக எண்ணாமல் என் பக்கத்தையும் கேளுங்கள்.

இங்கே பேசப்படும் வெளி சாதாரணமாக எங்கும் கிடைப்பதல்ல. இங்கிலாந்தின் தாழ்நிலப் புதர்வெளியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் 1800-க்குப் பின் உழவுக்கும் நடவுக்கும் வீட்டுமனைக்கும் போய்விட்டது. மத்திய இங்கிலாந்தில் எஞ்சியவற்றுள் மிகப் பரந்தது கேனக் சேஸ். அதில் ஏறத்தாழ 1,237 ஹெக்டேர் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வடக்கத்தி மலைவெளிகளின் செடிகளும் தெற்கத்திப் புதர்வெளிகளின் செடிகளும் ஒரே இடத்தில் சந்திப்பது இதன் தனித்தன்மை. பில்பெர்ரியும் கௌபெர்ரியும் இயற்கையாகக் கலந்து உருவான ஒரு கலப்பினச் செடி இங்கே இருக்கிறது. அதைக் கேனக் சேஸ் பெர்ரி என்றே அழைக்கிறார்கள். பிரிட்டனில் அதன் முதன்மையான வாழிடம் இதுதான்.

பறவைகளில் நைட்ஜார் எனப்படும் பக்குருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மே மாதத்தில் இங்கே வந்து சேரும். கூடு கட்டாது. ஹெதருக்கிடையே வெறுந்தரையில், சில சமயம் காய்ந்த சுள்ளிகளின் மேல், இரண்டு முட்டைகள் இட்டு அவற்றின்மேல் அசையாமல் உட்கார்ந்துவிடும். அதன் இறகு உதிர்ந்த பட்டையின் நிறத்திலேயே இருப்பதால், இரண்டு அடி தொலைவில் நின்றாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் மிக நெருங்கிய கடைசி நொடியில்தான் எழும். அது எழுந்த இடத்தைக் காகம் பார்த்துவிட்டால் முட்டைகள் பிழைப்பது அரிது. அடைகாப்பு ஏறத்தாழ பதினெட்டு நாள். குஞ்சு பறக்க ஏறக்குறைய அதே அளவு நாள். பல இணைகள் இரண்டாம் முறையும் முட்டையிடும் என்பதால் ஆகஸ்ட் வரை தரையில் முட்டையோ குஞ்சோ இருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

நாய்களால்தான் தொல்லை அதிகம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த வெளிகளில் நாயைக் குறுகிய வாரில் பிடித்துச் செல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, பலர் பின்பற்றுவதில்லை. ஆனால் பழகிய அகன்ற வழியை ஒட்டிய இடங்களைப் பறவைகளே ஓரளவு தவிர்த்துவிடுகின்றன. வழிகளுக்கு நடுவே இருக்கும் உள்வெளிதான் அவற்றுக்கு மிஞ்சிய இடம். புதிய தடம் ஒன்று அதன் நடுவே விழும்போது, ஓட்டியவர் ஒரு பறவையையும் பார்க்காமலேயே அந்த இடம் பறவைக்கு இல்லாமல் போகிறது.

வன்னிமகன் எழுதியது:

பொழில் அக்கா எழுதியதை வாசித்தபின் எனக்குப் பல விடயங்கள் விளங்கின. நாங்கள் குடும்பமாக வுல்வர்ஹாம்டனிலிருந்து போகிறோம். மகனுக்குப் பத்து வயது. அடையாளக் கம்பம் இல்லாத ஒரு வழியில் மற்றவர்கள் போவதைப் பார்த்தால், அது அனுமதிக்கப்பட்ட வழியா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிவப்புத் தரம் அவனுக்குக் கடினம். அவனுக்கு ஏற்ற பாதை எது? மனைவியின் வண்டி மின்கலத் துணையோடு ஓடுவது. அதைக் காட்டுக்குள் ஓட்டலாமா? மேட்டுவழி அண்ணா விளக்கினால் உதவியாக இருக்கும்.

மேட்டுவழி எழுதியது:

வன்னிமகன், உங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமை 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டத்தால் வந்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் நாம் வழிவிட வேண்டும் என்பது அதே சட்டத்தின் நிபந்தனை. நடைவழிகளில் நமக்கு உரிமை இல்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தவெளிகளில் தடம் விட்டு உலாவும் உரிமையைத் தந்தபோது, அதைக் காலால் நடப்பவர்களுக்கு மட்டுமே தந்தது. ஆகவே புதர்வெளியில் குதிரைப் பாதை என்று பலகையோ நீல அம்போ இல்லாத ஒற்றையடித் தடம் எதுவாயினும் அது நமக்கானதல்ல என்று கொள்ளுங்கள். மஞ்சள் அம்பு நடைவழியைக் குறிக்கும். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் குதிரைப் பாதைகள் நீண்ட பச்சைக் கோடுகளாகவும் நடைவழிகள் குறுகிய பச்சைக் கோடுகளாகவும் இருக்கும். வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பினால் வழியில் தயங்க வேண்டியிருக்காது. செயலிகளில் மற்றவர்கள் பதிவேற்றிய தடங்களை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் ஓட்டினார் என்பதைத்தான் அது காட்டும், ஓட்டலாம் என்பதை அல்ல.

பைன் காட்டில் வனத்துறையின் சரளைச் சாலைகளில் ஓட்டலாம். மரம் வெட்டும் பணி நடக்கும்போது வைக்கும் தடுப்புப் பலகையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள். மரம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு அவருடைய அறையிலிருந்து நீங்கள் தெரியமாட்டீர்கள்.

மகனுக்கு பெர்ரீஸ் டிரெயில் பொருந்தும். காமன்வெல்த் போட்டிகளின் தொடர்ச்சியாகக் கிடைத்த நீலத் தரப் பாதை அது. போட்டியின் சின்னமான காளையின் பெயரைத் தாங்கியது. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடும் வரிசையில் தரங்கள் அமைந்திருப்பதால், நீலத்தில் திருப்பங்களில் பிரேக்கை எப்போது விடுவது என்று பழகியபின் சிவப்புக்குப் போகட்டும். மிதித்தால் மட்டும் உதவுகிற, 250 வாட் வரையிலான, மணிக்கு 25 கிலோமீட்டருக்குமேல் உதவி நின்றுவிடுகிற மின்வண்டியைச் சட்டம் சாதாரண மிதிவண்டியாகவே கருதுகிறது. வேகக் கட்டுப்பாட்டை நீக்கிய வண்டியாக இருந்தால் அது மோட்டார் வாகனம்.

போகிற வழியில் ஒன்றையும் அவனுக்குக் காட்டுங்கள். முதல் உலகப் போரின்போது பிராக்டனிலும் ரூஜ்லியிலும் பெரும் படைமுகாம்கள் இருந்தன. அவற்றுக்குப் பொருள் கொண்டுபோக டாக்கரூ என்று பெயர்பெற்ற ஒரு சிறு இரயில் பாதையும் போட்டிருந்தார்கள். தண்டவாளம் போய்விட்டது, அதன் மட்டமான படுகை சில இடங்களில் இன்றும் வழியாகப் பயன்படுகிறது. அருகிலுள்ள ஜெர்மானியப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 5,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அந்த வாயிலருகே வந்தால் வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

தனிமிதி எழுதியது:

மண்ணைப் பற்றியும் பறவையைப் பற்றியும் எழுதியவை எனக்குப் புதியவை, நன்றி. உள்வெளியை வெட்டும் புதிய தடங்கள் குறித்து இனி நான் வாதிடப்போவதில்லை. ஆனாலும் என் முதன்மையான கேள்வி அப்படியே நிற்கிறது. சட்டம் தடுக்கிறது என்பதற்காக ஒதுங்கினால், சட்டம் மாற வேண்டும் என்று கேட்கும் குரல் எங்கிருந்து வரும்? வேறொன்றும் உண்டு. சேஸில் பல ஆண்டு ஓட்டித் தேறியவருக்குச் சிவப்புத் தரம் போதவில்லை. செங்குத்தான, வேர்கள் நிறைந்த, இயற்கையான இறக்கம் அவருக்கு வேண்டும். அது காட்டுக்குள் கிடைக்காததால்தான் புதர்வெளிக்குப் போகிறார். தேவையைக் கவனிக்காமல் தடையை மட்டும் சொன்னால், ஒரு தடத்தை மூடியதும் வேறிடத்தில் இன்னொன்று முளைக்கும்.

மேட்டுவழி எழுதியது:

தனிமிதி, சட்டம் மாற வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்தான். இங்கிலாந்தில் எத்தனையோ நடைவழிகளில் மிதிவண்டியை அனுமதித்தால் ஒரு கெடுதியும் வராது. கல் பாவிய பண்ணைச் சாலை நடைவழியாகப் பதிவாகியிருப்பதால் மட்டும் நம்மை நெடுஞ்சாலைக்கு விரட்டுவது அபாயகரமானது. அந்தக் கோரிக்கையோடு நான் முழுமனத்துடன் சேர்ந்துகொள்வேன்.

ஆனால் ஸ்காட்லாந்தின் ஒப்பீடு சேஸுக்குப் பொருந்தாது. உங்கள் மேட்டுநிலங்களில் மக்கள் பரந்து சிதறிப்போகிறார்கள். இங்கே பர்மிங்ஹாம், வால்சால், வுல்வர்ஹாம்டன் என்று இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரத் தொகுதி ஒரு மணிநேரப் பயணத்துக்குள் இருக்கிறது. ரூஜ்லிக்கும் ஹென்ஸ்ஃபோர்டுக்கும் நேரடி இரயில் உண்டு. அத்தனை பேருக்கும் சேர்த்து 68 சதுர கிலோமீட்டர். அதில் புதர்வெளி ஒரு பகுதிதான். சேஸைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் புதிதாக வீடு கட்டுபவர்கள், அங்கே குடிவரும் மக்களால் இந்த வெளிக்கு ஏற்படும் அழுத்தத்தை ஈடுகட்ட நிதி செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடே இருக்கிறது. அதில் நடப்பவரும் அடக்கம், நாமும் அடக்கம். மேலும், ஸ்காட்லாந்தின் சட்டம் தருவதும் பொறுப்புள்ள சென்றுவரவுக்கான உரிமை. முட்டையிடும் பருவத்தில் பக்குருவியின் வெளியை வெட்டிப்போவது அங்கேயும் பொறுப்புள்ள செயலாகாது.

சேஸின் புதர்வெளி சிறப்பு அறிவியல் அக்கறைக்குரிய இடமாகவும் அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தின் இயல்பைத் தெரிந்தோ பொறுப்பின்றியோ சிதைப்பது தண்டனைக்குரியது. நடைவழியில் ஓட்டுவதைப்போல உரிமையியல் அளவில் முடிந்துவிடும் விஷயமல்ல இது. மண்வெட்டி கொண்டுபோய்ப் புதர்வெளியில் தடம் வெட்டுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கல்லும்மணலும் எழுதியது:

தேவையைப் பற்றித் தனிமிதி சொன்னது முற்றிலும் சரி. அதைத்தான் நாங்களும் சொல்லிவருகிறோம். வேல்ஸின் கோயட் அ பிரெனின் காட்டில் 1990-களில் மலைமிதிவண்டிக்கென்றே ஒற்றையடிப் பாதைகளை அமைத்தபோது பிரிட்டனில் இந்த முறை தொடங்கியது. ஓட்டுபவருக்கு நல்ல பாதையைக் கொடுத்தால் அவர் அதில் போவார் என்பதை அந்தக் காடு காட்டியது. ஃபாலோ தி டாக்கும் அந்த எண்ணத்தின் வாரிசுதான். சேஸ் டிரெயில்ஸ் என்ற தன்னார்வலர் குழு மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக உழைத்திராவிட்டால் அது வந்திருக்காது. இன்று குறையாக இருப்பது, தேறியவர்களுக்கான செங்குத்தான பாதைகள். ரூஜ்லிப் பக்கம் ஸ்டைல் காப்பில் இறக்கப் பாதைகளுக்கு ஒரு மரபு உண்டு. அதைப்போலப் பைன் சரிவுகளில் மேலும் சில இடங்களைக் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்கும்போது நாம் உணர வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. பைன் காடு என்றதும் பறவைக்குத் தொடர்பில்லாத இடம் என்று எண்ணிவிடக்கூடாது. மரங்களை மொத்தமாக வெட்டிய துண்டு நிலம் சில ஆண்டுகளுக்குத் திறந்தவெளியாகவே இருக்கும். புதிய கன்றுகள் இடுப்பளவு வளரும்வரை பக்குருவியும் காட்டு வானம்பாடியும் அங்கே முட்டையிடும். ஆகவே இன்று பொருத்தமாக இருக்கும் சரிவு, பக்கத்துத் துண்டு வெட்டப்பட்ட பின் சில கோடைகளுக்குப் பொருத்தமற்றதாகலாம். வெட்டும் முறைவரிசையை வனத்துறையோடு உட்கார்ந்து பார்த்து, அடுத்த இருபது ஆண்டுக்கு மரம் நிற்கப்போகிற சரிவுகளைத் தேர்ந்து கேட்பதே பலிக்கும் வழி. பொதுவாக, எங்களுக்கு இன்னும் பாதை வேண்டும் என்று எழுதும் மடல்களுக்கு உருப்படியான பதில் வருவதில்லை. வரைபடத்தில் இடம் குறித்து, யார் பராமரிப்பார்கள் என்றும் எழுதினால் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

பொழில் எழுதியது:

இப்படி ஒரு திட்டம் வந்தால், பறவைகள் முட்டையிடும் இடங்களைக் கணக்கெடுத்துத் தர எங்களைப் போன்றவர்கள் முன்வருவார்கள். மறுக்க மட்டுமே வருகிறோம் என்று எண்ண வேண்டாம்.

நீங்கள் யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சேர்க்கிறேன். பில்பெர்ரியைத் தாக்கும் ஃபைட்டாப்தோரா நோய் சேஸில் இருக்கிறது. செடி நுனியிலிருந்து பழுத்துக் கருகி, இலை உதிர்த்து, தண்டு மட்டும் நிற்கும். நோய்க்கிருமி ஈர மண்ணில் வாழ்வதால் பூட்ஸ் அடியிலும் டயர்ப் பள்ளங்களிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். வேல்ஸிலோ பீக் டிஸ்ட்ரிக்டிலோ ஓட்டிய சேற்றோடு இங்கே வராதீர்கள், இங்கிருந்தும் கொண்டுபோகாதீர்கள். முதலில் காய்ந்த மண்ணைத் தூரிகையால் தட்டிவிட்டுப் பின் நீரில் கழுவி, உலரவிட்ட பிறகு வண்டியை ஏற்றினால் போதும்.

வசந்த காலத்தின் தொடக்கத்தில் ஆடர் விரியன்கள் பாதையோரத்தில் வெயில் காயும். குளிர் உடம்போடு இருப்பதால் உடனே விலகாது. கொல்வது சட்டப்படி குற்றம். நின்று, அது போகும்வரை காத்திருங்கள். அந்தி ஓட்டத்தையும் மே முதல் ஆகஸ்ட் வரை புதர்வெளியின் ஓரங்களில் தவிர்த்தால் நல்லது. பக்குருவி அந்துப்பூச்சிகளைப் பிடித்து இரைதேடும் நேரம் அதுதான். இராட்டை சுற்றுவதுபோல் நிமிடக்கணக்கில் நீளும் அதன் ஒலியை அப்போதுதான் கேட்கலாம்.

தனிமிதி எழுதியது:

வனத்துறையிடம் இடம் குறித்துக் கேட்கும் மடலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில், சொந்தமாக வெட்டிய தடங்களைப் பராமரிக்கும் பொறுப்பை உள்ளூர்க் குழுக்கள் நில உரிமையாளரோடு எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளும் வழக்கம் வளர்ந்துவருகிறது. யார் ஆய்வு செய்வது, எப்போது மூடுவது, காப்பீடு யாருடையது என்பவையெல்லாம் அதில் அடங்கும். மாதிரி வரைவு ஒன்றை இரண்டு வாரத்துக்குள் அனுப்புகிறேன்.

வன்னிமகன் எழுதியது:

குளிர்கால மழை தொடங்கிவிட்டதால் ஒரு கேள்வி. பாதையில் தண்ணீர் தேங்கி நின்றால் ஓரமாகப் போவதா, நடுவிலேயே போவதா? நாங்களும் பராமரிப்பு வேலைக்கு வரலாமா?

கல்லும்மணலும் எழுதியது:

நடுவிலேயே போங்கள். ஓரம் விரியாமல் இருந்தால்தான் பாதை பாதையாக இருக்கும். நனைவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பின்பிரேக்கை மட்டும் பூட்டிச் சறுக்கிக்கொண்டு இறங்காதீர்கள். இரு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்தால் சக்கரம் உருண்டுகொண்டே வேகம் குறையும், நொறுங்குகல் பெயராது. உறைபனி இளகும் நாள்களில் மேற்பரப்பு மாவாகக் குழைந்துவிடும். அன்று சரளைச் சாலைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வேலைக்கு நிச்சயம் வாருங்கள். மகனையும் அழைத்துவரலாமா என்று மட்டும் ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் நாங்கள் செய்கிற வேலையில் பாதி, வடிகால் வாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் இலைச்சருகை வாருவதுதான். கனமான பூட்ஸும் கையுறையும் கொண்டுவாருங்கள். கருவிகள் அங்கே தருவார்கள். சொந்த மண்வெட்டியைக் கொண்டுவர வேண்டாம்.